பெட்டியின் பின்பக்கம்: நனிசைவ சோப்பு, ஷாம்பு, கண்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே சோப்பும் சீயக்காய்த்தூளும் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

நனிசைவம், வதையில்லாதது, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நனிசைவம் என்றால், அதாவது வீகன் என்றால், அந்தப் பொருளுக்குள் விலங்கிலிருந்து வந்த எதுவும் இல்லை. இறைச்சிக் கொழுப்பு மட்டுமல்ல, பால், தேன், தேன்மெழுகு, பட்டு எதுவும் கூடாது. வதையில்லாதது என்று, அதாவது டப்பாவில் 'குரூயல்ட்டி ஃப்ரீ' என்று போட்டிருந்தால், அதைத் தயாரிக்கும்போது விலங்குகள் மேல் சோதனை நடத்தவில்லை என்று அர்த்தம்.

ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நம்ப முடியாது. தேன்மெழுகு சேர்த்த லிப்ஸ்டிக் எந்த முயலையும் துன்புறுத்தாமல் வந்திருக்கலாம், ஆனாலும் அது நனிசைவம் ஆகாது. முழுக்கச் செயற்கைப் பொருட்களால் ஆன கிரீமில் விலங்குப் பொருள் ஒரு துளியும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதை எங்கோ ஒரு ஆய்வகத்தில் முயலின் கண்ணில் விட்டுப் பார்த்திருக்கலாம். நான் இரண்டையும் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

இந்தியாவில்தான் விலங்குச் சோதனைக்குத் தடை இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?

தடை இருப்பது உண்மை. அழகுப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில், அப்படிச் சோதித்த பொருட்களை இறக்குமதி செய்யவும் தடை வந்தது. தெற்காசியாவில் இது முன்னோடியான முடிவு, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச்சில்தான் விற்பனைத் தடை முழுமையானது.

அதனால் இங்கேயே தயாராகும் சோப்பில் 'விலங்குச் சோதனை இல்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தால், சட்டம் சொன்னதைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, மூலப்பொருள். வாசனைத் திரவியத்துக்கும் தொழிற்சாலை வேதிப்பொருளுக்கும் பொதுவான ஒரு பொருளை வேறொரு சட்டத்தின் கீழ் வேறொரு நாட்டில் சோதித்திருக்கலாம். இரண்டு, அந்த நிறுவனம் வேறு எங்கே விற்கிறது என்பது. சீனா இறக்குமதி அழகுப் பொருட்களுக்கு நெடுங்காலம் விலங்குச் சோதனையைக் கட்டாயமாக வைத்திருந்தது. 2021 மே முதல் ஷாம்பு, பாடி வாஷ் போன்ற சாதாரண வகைகளுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

டப்பாவில் ஏன் முயல் படம்? எல்லா முயலும் ஒன்றுதானா?

முயல் வந்ததற்குக் காரணம் ட்ரெய்ஸ் சோதனை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் வேலை பார்த்த ஜான் ட்ரெய்ஸ் 1944-ல் வகுத்த முறை அது. முயலை அசையாமல் பிடித்து வைத்து, கண்ணில் ஷாம்புவையோ வேறு வேதிப்பொருளையோ விட்டு, எவ்வளவு சிவக்கிறது, எப்போது புண்ணாகிறது என்று நாள் கணக்கில் குறிப்பார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவாகச் சுரக்கும், விட்டது கழுவிப் போகாது. அதற்காகவே அந்தப் பாவப்பட்ட பிராணியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1980-ல் ஹென்றி ஸ்பிரா என்பவர் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகுக்காக எத்தனை முயல்களின் பார்வையைப் பறிக்கிறீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தைக் கேட்டார். அதே ஆண்டு முடிவதற்குள் மாற்று வழி தேடும் ஆராய்ச்சிக்கு ரெவ்லான் பணம் கொடுத்தது. இன்று ஆய்வகத்தில் மனிதத் தோல் செல்களை வளர்த்து, அந்தத் தோல் அடுக்கின் மேல் சோதிக்கும் முறைகளை உலக நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

முயல் படங்களில் வித்தியாசம் உண்டு. துள்ளும் முயல், அதாவது லீப்பிங் பன்னி முத்திரையைத் தருகிற அமைப்பு, நிறுவனத்துக்கு மூலப்பொருள் தருபவர்கள் வரை விசாரிக்கிறது, வெளியாள் தணிக்கையும் வைக்கிறது. விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் பட்டியல் பெரும்பாலும் நிறுவனம் எழுதித் தரும் உறுதிமொழியை நம்பி இயங்குகிறது. எந்த அமைப்பின் பெயரும் இல்லாமல் வெறும் முயல் படம் மட்டும் இருந்தால், அது அட்டை வடிவமைத்தவர் வரைந்த படம். சூரியகாந்திப் பூவோடு வீகன் என்று எழுதியது இங்கிலாந்தின் வீகன் சொசைட்டி முத்திரை, அது பொருளின் உள்ளடக்கத்தைப் பார்த்தும் தரப்படுகிறது.

பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா?

போதாது. பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம். நம் நாட்டு உணவு விதிகளில் அசைவம் என்பதற்கான வரையறையே பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு இவற்றை விலக்கி வைத்துவிட்டுத்தான் பேசுகிறது. சோப்புக்கும் கிரீமுக்கும் போடுகிற புள்ளியையும் அதே மனதோடுதான் பார்க்க வேண்டும். ஆட்டுப்பால் சோப்பில் பச்சைப் புள்ளி பார்த்திருப்பீர்கள். உணவுப் பொட்டலங்களில் இலை முளைத்த 'வி' எழுத்தாக வரும் வீகன் முத்திரை 2022-ல் வந்த உணவு விதி. குளியல் பொருட்களுக்கு அது இல்லை.

டிஎஃப்எம் 76% என்று இருந்தால் தாவர சோப்பு என்று ஒருவர் சொன்னாரே?

தவறு. மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்பதுதான் அந்த எண். 76-க்கு மேல் முதல் தரம். அந்தக் கொழுப்பு தேங்காயிலிருந்து வந்ததா மாட்டிலிருந்து வந்ததா என்று அது சொல்லாது. அதற்குப் பெயரைப் பாருங்கள்: சோடியம் பாமேட் பனை எண்ணெய், சோடியம் கோகோவேட் தேங்காய் எண்ணெய், சோடியம் டாலோவேட் மாடு அல்லது ஆட்டுக் கொழுப்பு.

பின்பக்கப் பட்டியலை எப்படி வாசிப்பது?

மேலிருந்து கீழே அளவு குறைந்துகொண்டே போகும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் இருக்கலாம். எனக்குக் கைகொடுக்கும் ஒரு வழி: பினாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தி வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் போகாது. அந்தப் பெயரைக் கண்டுபிடித்தால், அதற்குக் கீழே இருப்பது எல்லாம் சிட்டிகை அளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் முழுக்கப் பாதாம் படம் போட்டு, பாதாம் எண்ணெய் பினாக்ஸி எத்தனாலுக்கும் கீழே கிடந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

இனி, விலங்கு ஒளிந்திருக்கும் பெயர்கள். லேனோலின் ஆட்டு ரோமத்தின் பிசுக்கு. உதட்டுத் தைலத்திலும் பாலூட்டும் தாய்மாருக்கான களிம்பிலும் இருக்கும். கார்மைன் சிவப்புச் சாயம், பட்டியலில் சி.ஐ. 75470 என்ற எண்ணாக வரும். கள்ளிச்செடியில் வாழும் கோச்சினியல் பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கிறார்கள், ஒரு கிலோ சாயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் பூச்சிகள் போகின்றன. நகப்பூச்சிலும் ஹேர் ஸ்பிரேயிலும் வரும் ஷெல்லாக் நம் அரக்கு; ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளையோடு பூச்சிக்கூட்டைச் சுரண்டி எடுக்கிறார்கள். மினுமினுப்புக்குச் சேர்க்கும் குவானின், சி.ஐ. 75170, மீன் செதிலிலிருந்து வருவது. கெரட்டின் கொம்பு, குளம்பு, இறகு, ரோமத்திலிருந்தும், கொலாஜன் தோல், எலும்பு, மீனிலிருந்தும் வருகின்றன. ஸ்குவாலீன் ஒரு காலத்தில் சுறாவின் கல்லீரல் எண்ணெய்தான். இப்போது ஆலிவ், கரும்பிலிருந்தும் எடுக்கிறார்கள். ஹயலூரானிக் அமிலம் முன்பு சேவலின் கொண்டையிலிருந்து வந்தது, இன்று பெரும்பாலும் நுண்ணுயிரை வளர்த்து எடுப்பதால் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கிளிசரின், ஸ்டீரிக் அமிலம் இரண்டும்தான் தொல்லை. தாவரமாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம், பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறுவனத்துக்கு நேராக எழுதிக் கேட்பதுதான் வழி. நான் எழுதுவது இவ்வளவுதான்: "இந்தப் பொருளில் உள்ள கிளிசரினும் ஸ்டீரிக் அமிலமும் எதிலிருந்து எடுக்கப்பட்டவை? நீங்களோ உங்களுக்கு மூலப்பொருள் தருபவரோ விலங்குச் சோதனை செய்கிறீர்களா?" எந்த எண்ணெய் என்று பெயர் சொல்லிப் பதில் வந்தால் நம்புவேன். "எங்கள் பொருட்கள் உயர்தரமானவை" என்று மட்டும் வந்தால் வாங்க மாட்டேன்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் எல்லாம் மூலிகைதானே?

எனக்கும் பல வருஷம் இந்த நம்பிக்கை இருந்தது. அது முழு உண்மை இல்லை. நம் மரபில் மூலிகை, தாது, சீவப்பொருள் மூன்றுக்குமே இடம் உண்டு. சித்த மருத்துவமே மருந்துப் பொருட்களை அப்படித்தான் பிரிக்கிறது.

பல்பொடியில் 'கடல் நுரை' என்று பார்த்தால் அலையில் வரும் நுரை என்று நினைத்துவிடாதீர்கள். அது கணவாய் ஓடு. ஆயுர்வேதப் பட்டியலில் அதுவே சமுத்ரபேன் என்று வரும். சங்கு பற்பம், முத்து பற்பம், பவள பற்பம் எல்லாம் கடல் உயிரிகளின் ஓடும் கூடும். சிருங்கி என்றால் மான் கொம்பு. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல். புனுகு, புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து வழித்து எடுப்பது. அதற்காகப் பூனையைக் குறுகிய கூண்டில் அடைத்து வைப்பார்கள். ஜவ்வாது என்ற சொல்லுக்கும் பழைய பொருள் அதுதான். இன்று கடையில் கிடைக்கும் ஜவ்வாதுப் பொடிகள் பலவும் செயற்கை வாசனை என்றாலும், பட்டியல் போடாத டப்பாவை நான் எடுப்பதில்லை. கஸ்தூரி ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடிப் பையில் இருப்பது. ஆனால் கஸ்தூரி மஞ்சள் சுத்தமான கிழங்கு, பெயரைப் பார்த்து அதை ஒதுக்க வேண்டாம்.

குங்குமத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போதுதான் சிவப்பு வருகிறது. அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டதா, கல்லைச் சுட்டதா? கல்சுண்ணாம்பாக இருந்தால் எனக்குச் சம்மதம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

தலைக்குக் குளிப்பதிலிருந்து தொடங்குங்கள். நெருப்பு வேண்டாம், வேதிப்பொருள் வேண்டாம், தப்பினாலும் நஷ்டம் குறைவு.

என் அளவு: சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்காய்த் தோல் 100 கிராம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி, காய்ந்த எலுமிச்சைத் தோல் கொஞ்சம். சீயக்காயையும் பயறையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சீயக்காய் அரைக்கும் மில்லில் கொடுத்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போட்டுவிடாமல் கூடவே நின்று பார்ப்பது நல்லது. குளிக்கும்போது வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், முடியும் வறளாது. நுரை குறைவாகத்தான் வரும். அழுக்கை எடுப்பது சபோனின் என்ற பொருள், நுரை அளவை வைத்து அதை எடைபோடாதீர்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகளுக்குத் தேய்க்கும்போது கவனம்.

கொங்குப் பக்கம் அரப்பு, அதாவது உசிலை மரத்தின் இலைப்பொடி. சீயக்காயைவிட வழவழப்பாக இருக்கும். முடி வறண்டவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

உடம்புக்கு நலங்கு மாவு: பச்சைப்பயறு பாதி, மீதியில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா மொட்டு. ஆண்கள் பூசுவதாக இருந்தால் மஞ்சளை விட்டுவிடுங்கள். பாலில் குழைக்கச் சொல்வார்கள். அரிசி களைந்த தண்ணீரோ தேங்காய்ப்பாலோ அதே வேலையைச் செய்யும்.

வீட்டில் சோப்பு செய்ய ஒரு நம்பகமான அளவு சொல்ல முடியுமா?

சொல்கிறேன், ஆனால் பாதுகாப்பை முதலில் படியுங்கள். சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து உண்டாவது. காஸ்டிக் சோடா தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். குழந்தைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பாத்திரம் எவர்சில்வர் மட்டும். நான் முதல் தடவை அலுமினியச் சட்டியில் கரைத்தேன். கரைசல் கொதித்துப் பொங்கி, சட்டி கறுத்து, எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. அலுமினியத்தோடு சேர்ந்தால் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் சோடா வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100 என்று எடுத்தால் மொத்தம் 163 கிராம் சோடா கேட்கும். அதில் பத்து சதவீதம் குறைத்து 147 கிராம் போடுவேன். அப்போது கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் மீந்து தோலுக்கு மென்மை தரும். தேங்காய் எண்ணெய் அதிகம் உள்ள சோப்பு தோலை வறட்டும் என்பதால் இந்தக் குறைப்பு அவசியம். கிராம் காட்டும் தராசு கட்டாயம், டம்ளர் கணக்கு இதில் செல்லாது. எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள். வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் இந்த அளவு வேண்டாம்.

தண்ணீர் 300 கிராம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கரைசல் 80 டிகிரிக்கு மேல் சுடும், ஆவியை முகர வேண்டாம். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் சேர்த்து, கையடக்க மத்து இயந்திரத்தால் விட்டுவிட்டு அடியுங்கள். தோசை மாவுப் பதம் வந்து, கரண்டியில் எடுத்து ஊற்றினால் மேலே கோடு நின்றால் போதும். பட்டர் பேப்பர் விரித்த அட்டைப்பெட்டியில் ஊற்றி, ஒரு நாள் கழித்துக் கையுறையோடு துண்டு போட்டு, காற்றோட்டமான இடத்தில் நாலு முதல் ஆறு வாரம் அடுக்கி வையுங்கள். நாள் போகப் போக சோப்பு கெட்டியாகும், சீக்கிரம் கரையாது.

கரைசல் தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். வினிகர் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

காஸ்டிக் சோடாவே இல்லாமல் சோப்பு செய்ய முடியாதா?

முடியாது. கடையில் கிடைக்கும் உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டியில் அந்த வேலையை வேறொருவர் ஏற்கனவே செய்திருக்கிறார். அதை வாங்கினால் ஆட்டுப்பால், தேன் வகைகளைத் தவிர்த்து, கிளிசரின் எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

தேன்மெழுகு இல்லாமல் உதட்டுத் தைலம் இறுகுமா?

நன்றாக இறுகும். மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடியிலிருந்து வரும் கேண்டலில்லா மெழுகு, பிரேசில் பனை இலையிலிருந்து வரும் கார்னௌபா மெழுகு இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. கேண்டலில்லா தேன்மெழுகைவிடக் கெட்டி, அதனால் தேன்மெழுகு சொன்ன அளவில் பாதி போதும். கேண்டலில்லா 15 கிராம், தேங்காய் எண்ணெய் 35, விளக்கெண்ணெய் 30, கோகம் வெண்ணெய் 20. எல்லாவற்றையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி டப்பாவில் ஊற்றுங்கள். கோகம் கொங்கண், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் பழம். அதன் கொழுப்பு 38 டிகிரி வரை உருகாமல் இறுகி நிற்பதால், கோகோ வெண்ணெயைவிட நம் மே மாதத்தைத் தாங்கும்.

கண்மை?

கடைக் கண்மையில் தேன்மெழுகு இருப்பது சாதாரணம். வீட்டு முறையில் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணித் திரியை விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை நெய்யில் குழைப்பார்கள். நெய்க்குப் பதில் விளக்கெண்ணெய் போட்டால் நனிசைவம். ஆனால் கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்று கண் மருத்துவர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்கிறேன்.

கற்றாழை ஜெல் செய்து எத்தனை நாள் வைக்கலாம்?

ஃபிரிட்ஜில் மூன்று நாள், வெளியே ஒரு நாள்கூட வேண்டாம். தண்ணீர் உள்ள எதிலும் கிருமி வளரும், நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை வருவதற்கு முன்பே உள்ளே கெட்டிருக்கும். வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று சொல்கிறார்கள், அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்குமே தவிர கிருமியைத் தடுக்காது. பொடியும் வெறும் எண்ணெய்த் தைலமும் நெடுநாள் இருப்பது தண்ணீர் இல்லாததால்தான். அதனால்தான் வீட்டில் செய்பவர்களுக்கு நான் அந்த இரண்டையுமே சொல்கிறேன்.

சன்ஸ்கிரீன் வீட்டிலேயே செய்யலாமா?

வேண்டாம். துத்தநாக ஆக்சைடைக் கையால் கலந்தால் திட்டுத்திட்டாக நிற்கும், எங்கே காப்பாற்றுகிறது எங்கே விட்டுவிட்டது என்று அளக்க நமக்கு வழியில்லை. வாங்கிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் முகத்தில் போடாதீர்கள். ஒன்று கடும் அமிலம், மற்றது காரம், தோல் இரண்டையும் தாங்காது. புதிதாக எதைச் செய்தாலும் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செய்ததை விற்கலாமா?

அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. அழகுப் பொருள் தயாரித்து விற்க 2020-ம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தொகுதி எண், தயாரித்த தேதி, உள்ளடக்கப் பட்டியல் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும்.

நனிசைவத்துக்கு மாறிவிட்டேன். மருந்துகளை என்ன செய்வது?

மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நிறுத்தாதீர்கள். புது மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைச் சட்டமே நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது, அது வாங்குபவரின் கையில் இல்லை. ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குப் பதில் மாத்திரையோ தாவர உறையோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நான் கேட்டபோது இருந்தது.

வீட்டில் ஏற்கனவே இருக்கும் பழைய டப்பாக்களை வீசிவிடவா?

என் வீட்டில் வீசவில்லை. லேனோலின் உள்ள களிம்பும் தேன்மெழுகு லிப்ஸ்டிக்கும் தீரும் வரை பயன்படுத்தினேன், தீர்ந்ததை மறுபடி வாங்கவில்லை. அப்பாவின் பன்றி ரோமச் சவரப் பிரஷ் மட்டும் நெடுநாள் இருந்தது. ரோமம் உதிரத் தொடங்கியதும் அவரே கடைக்குப் போய் நைலான் பிரஷ் வாங்கி வந்தார்.